எவ்வளவு கழுவினால் போதும்? கொரோனா காலமும் ஓசிடியும்

கொரோனா பரவத் தொடங்கியபோது மனநல மருத்துவர்கள் பலர் ஒன்றை எதிர்பார்த்தார்கள். கிருமி பயத்தில் மணிக்கணக்காகக் கை கழுவும் ஓசிடி (எண்ணச் சுழற்சி நோய்) நோயாளிகள்தான் இதில் முதலில் நொறுங்கிப்போவார்கள் என்று. பெங்களூருவின் தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே ஏற்கெனவே சிகிச்சையில் இருந்த 240 பேரின் நிலையை, பெருந்தொற்று அறிவிக்கப்பட்ட இரண்டு மாதத்துக்குப் பிறகு மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். முந்தைய ஆண்டு அதே காலகட்டத்தில் பார்த்த வேறொரு நோயாளிக் குழுவோடு ஒப்பிட்டார்கள். நோய் திரும்பியவர்கள் இரண்டு குழுவிலுமே ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். கொரோனாவால் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஜெர்மனியில் கிடைத்த பதில் வேறு. ஓசிடி உள்ள 394 பேரிடம் இணையம் வழியாகக் கேட்டதில் 72 விழுக்காட்டினர் தங்கள் நோய் கூடிவிட்டதாகச் சொன்னார்கள். இத்தாலியின் படுவா நகரில் சிகிச்சையை முடித்துத் தேறியிருந்த 30 பேரை ஆறு வார ஊரடங்குக்குப் பிறகு சோதித்தபோது, நோயின் தீவிரம் மறுபடி ஏறியிருந்தது. டென்மார்க்கில் சிறுவர்களையும் பதின்ம வயதினரையும் பற்றிய ஆய்வும் நிலைமை மோசமானதையே காட்டியது.

இதில் எது சரி என்றால், அநேகமாக எல்லாமே. முதல் இத்தாலிய கொரோனா மரணம் 2020 பிப்ரவரியில் நடந்ததே படுவா மாகாணத்தில்தான். அங்கிருந்தவர்களுக்கு நோய் பக்கத்து ஊரில் இருந்தது. பெங்களூருவில் 2020 மே மாதம் தொற்று எண்ணிக்கை மிகக் குறைவு. ஜெர்மானிய ஆய்வில் நோயாளிகள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டார்கள். நிம்ஹான்ஸில் மதிப்பிட்டவர்கள் மருத்துவர்கள். நோயாளிகளும் ஏற்கெனவே சிகிச்சையின் கண்காணிப்பில் இருந்தவர்கள். இரண்டு மாதம் என்பது இந்த நோயின் கணக்கில் ரொம்பக் குறுகிய காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஜெர்மானிய ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 72 இல்லை. நோய் கூடியதோடு அதிகம் தொடர்புடையவையாக அவர்கள் கண்டவை, வெளியே நடமாட முடியாமல் போனதும் வீட்டுக்குள் நடந்த சண்டைகளும். வைரஸ் பயம் ஒரு பக்கம் இருக்க, நான்கு சுவருக்குள் அடைபட்ட வாழ்க்கையும் தன் பங்கைச் செய்திருக்கிறது.

சுத்தக்காரர்களின் நோய் இல்லை

ஓசிடியை எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்கிறார்கள். வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வரும். அது பெரும் பதற்றத்தைக் கிளப்பும். பதற்றத்தைத் தணிக்க ஒரு செயலைச் செய்தாக வேண்டும்: கழுவுவது, சரிபார்ப்பது, எண்ணுவது, மனதுக்குள்ளேயே ஒரு மந்திரத்தைச் சொல்வது. செய்தவுடன் சற்று நிம்மதி. அந்த நிம்மதிதான் பொறி. ‘கழுவினதால்தான் தப்பித்தோம்’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் வலுவாக வரும், கழுவலும் இன்னும் நீளும்.

2015-16இல் நடந்த இந்தியத் தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் சுமார் 0.8 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. அவர்கள் எல்லோரும் கை கழுவுபவர்கள் அல்லர். கேஸ் ரெகுலேட்டரை மூடினோமா என்று தெருமுனையிலிருந்து ஐந்து தடவை திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். சாமி கும்பிடும்போது அசிங்கமான நினைப்பு வந்து, பாவம் செய்துவிட்டோமே என்று புழுங்குபவர்கள் இருக்கிறார்கள். பெற்ற குழந்தையைக் கத்தியால் குத்திவிடுவோமோ என்ற எண்ணம் வந்து, அதற்குப் பயந்தே சமையலறைக்குள் போகாத தாய்மார்கள் இருக்கிறார்கள். இவர்களில் யாரும் அந்த எண்ணத்தை விரும்புவதில்லை. பெரும்பாலானோருக்கு அது அர்த்தமில்லாதது என்றும் தெரியும். தெரிந்தும் விட முடியாததுதான் கொடுமை.

இந்த நோய் தன் சரக்கைக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் பற்றிய பயம். 1980களில் எய்ட்ஸ் வந்தபோது, கதவுக் கைப்பிடியில் ஒட்டியிருக்குமோ, பேருந்து இருக்கையில் இருக்குமோ என்று நோயாளிகளின் எண்ணம் அந்தப் பக்கம் திரும்பியது. 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், சரிபார்க்கும் வகை ஓசிடி உள்ள 50 பேரில் 14 பேருடைய கவலை பருவநிலை மாற்றத்தைச் சுற்றி வருவதைக் கண்டார்கள். தண்ணீர் வீணாகிறதா, மின்சாரம் வீணாகிறதா என்று குழாயையும் ஸ்விட்சையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆக, 2020இல் கொரோனா இவர்கள் எண்ணத்துக்குள் புகுந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்த முறை வேறொன்றும் சேர்ந்துகொண்டது. அரசாங்கமே அந்தக் கழுவும் சடங்கைச் செய்யச் சொன்னது.

அளவுகோல் நகர்ந்தபோது

ஓசிடிக்கு மருந்து தவிர உள்ள முக்கியமான சிகிச்சை, பயப்படும் பொருளைத் தொடவைத்து, அதற்குப் பிறகு சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவது. 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இதைப் பற்றி முதலில் எழுதினார். ஓயாமல் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைச் செவிலியர்கள் கூடவே இருந்து கழுவவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். அவர் அறைக்கு வரும் தண்ணீரைக்கூட நிறுத்தினார்கள். இன்று அத்தனை கடுமை இல்லை. நோயாளியே ஒப்புக்கொண்டு, சின்னதிலிருந்து பெரியதாகப் படிப்படியாகச் செய்கிறார்கள். பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், கழுவாமலே இறங்கவும் செய்யும். அதை உடம்பால் தெரிந்துகொள்வதுதான் சிகிச்சை.

இதெல்லாம் ஒரு சாதாரண அளவுகோலின் மேல் நிற்கிறது: ஊரில் மற்றவர்கள் எவ்வளவு செய்கிறார்களோ அவ்வளவு செய், அதற்கு மேல் வேண்டாம். ‘உன் அண்ணன் ரூபாய் நோட்டை எண்ணிவிட்டு அப்படியே காபி குடிக்கிறாரே, அவருக்கு என்ன ஆனது?’ என்று கேட்க முடியும். 2020 மார்ச்சுக்கு அப்புறம் அந்த அண்ணனே நோட்டை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டார். செய்தித்தாளை வெயிலில் காயவைத்தவர்கள், காய்கறியை உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் ஊறவைத்தவர்கள், கூரியர் பெட்டியை மூன்று நாள் வாசலிலேயே கிடத்தியவர்கள் எந்தத் தெருவில் இல்லை? பிளாஸ்டிக்கிலும் துருப்பிடிக்காத எஃகிலும் வைரஸ் 72 மணி நேரம் வரை இருந்ததாக ஓர் ஆய்வகச் சோதனை சொன்னது. அந்த எண் வாட்ஸ்அப்பில் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இந்தியாவில் அப்போது யாருக்குப் போன் போட்டாலும் முதலில் இருமல் சத்தம், அப்புறம் கை கழுவச் சொல்லும் அறிவிப்பு. மற்றவர்களுக்கு அது எரிச்சல். கழுவாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்த ஒருவருக்கு, நாளுக்குப் பத்து முறை அவருடைய நோயே அரசாங்கக் குரலில் பேசியது போல.

எல்லோரும் பதறியதால் எல்லோருக்கும் ஓசிடி வந்துவிட்டது என்று அப்போது வேடிக்கையாகச் சொன்னார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் குறுஞ்செய்தி வழி மனநல உதவி பெற்ற பொதுமக்களைக் கேட்டபோதும் பாதிக்கும் மேற்பட்டோர் கிருமி, அழுக்கு பற்றிய கவலை புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் கவலையும் நோயும் ஒன்றல்ல. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு பால் பாக்கெட்டில் தெரியும்.

சாதாரண ஆள் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பாத்திரத்தில் ஊற்றி, அடுப்பில் வைத்துவிட்டு மறந்துவிடுவார். ஓசிடி உள்ளவர் பாக்கெட்டைக் கழுவுவார். கழுவும்போது தெறித்த தண்ணீர் சிங்கின் ஓரத்தில் பட்டது, அதைக் கழுவுவார். குழாயைத் திறந்தது கழுவாத கை, மூடப்போவது கழுவிய கை, ஆகவே குழாயைக் கழுவ வேண்டும். கழுவிய குழாயைத் தொடுமுன் முழங்கை நைட்டியில் உரசியது போலிருக்கிறது. உரசியதா? நினைவில்லை. நினைவில்லை என்றால் உரசியதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். நைட்டியை மாற்ற பீரோவைத் திறக்க வேண்டும், பீரோவின் கைப்பிடி? இதற்குள் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும், மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்து யாராவது மோட்டார் போடப் போயிருப்பார்கள், பால் வெளியிலேயே இருக்கும். இருபது விநாடி கழுவு என்ற அறிவுரை இவருக்கு உதவாது. இருபது விநாடி முடிந்ததும் ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று உள்ளுக்குள் சொல்ல மறுக்கிறது. எண்ணும்போது பதினான்கில் கவனம் சிதறினால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

‘என்னால் யாராவது செத்துவிட்டால்?’

கிருமி நமக்கு வந்துவிடும் என்பதைவிட, நம் மூலம் இன்னொருவருக்குப் போய்விடும் என்ற பயம் ஓசிடியில் பலருக்குப் பெரிது. வரக்கூடிய கேட்டுக்கெல்லாம் தானே பொறுப்பு என்று அளவுக்கு மீறிச் சுமப்பது இந்த நோயின் மையம் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் பால் சல்கோவ்ஸ்கிஸ் 1985லேயே எழுதினார். கொரோனா இந்தப் பொறுப்புணர்வுக்கென்றே செய்தது போல வந்தது. அறிகுறியே இல்லாமல் பரப்பலாம். பேரன் நன்றாக இருப்பான், தாத்தா போய்விடுவார். எங்கே, எப்போது தொற்றியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கூட்டுக் குடும்பத்தில், ஒரே குளியலறையை ஆறு பேர் பயன்படுத்தும் வீட்டில் இதன் கனம் இன்னும் அதிகம். தொற்று வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்து அடைத்ததைச் சென்னையில் பார்த்தோம். தன்னால் தெருவே அடைபட்டுவிடும் என்ற பயம் அப்போது வெறும் கற்பனை இல்லை.

அந்தப் பதற்றத்தில் நோயாளி வீட்டாரிடம் கேட்கத் தொடங்குவார். “அம்மா, நான் அந்த கேட்டைத் தொடல இல்ல? நீ பார்த்துக்கிட்டுதான இருந்த?” “தொடல கண்ணு.” பத்து நிமிஷம் கழித்து மறுபடியும். அம்மாவின் பதில் பாசத்தில் வருவது. ஆனால் நோயைப் பொறுத்தவரை அதுவும் ஒரு கை கழுவல்தான். நிம்மதி கொஞ்ச நேரம், அப்புறம் மறுபடி கேள்வி. சண்டையைத் தவிர்க்க அப்பா வெளியிலிருந்து வந்ததும் கொல்லைப்புறத்தில் குளித்துவிட்டு நுழைவார், தங்கை தன் போனைச் சானிடைசரால் துடைத்துக் காட்டுவாள். மெல்ல மெல்ல வீடு முழுக்க நோயின் சட்டத்துக்குக் கட்டுப்படும். சாதாரண நாளில் வீட்டார் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுவதால் இதற்கு ஓர் எல்லை இருக்கும். ஊரடங்கில் அது இல்லை.

நம் ஊரில் இதற்கு இன்னொரு மறைப்பும் கிடைத்தது. வெளியே போய்விட்டு வந்தால் கால் கழுவுவது, எச்சில் பார்ப்பது, தள்ளி நின்று கும்பிடுவது எல்லாம் அன்றே சொன்ன அறிவியல் என்று ‘முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல’ வகைச் செய்திகள் குவிந்தன. தீட்டு பார்ப்பதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பது தனிக் கதை, அதற்குள் இங்கே போகவில்லை. ஆனால் சுத்தத்தை மடி, ஆசாரம் என்று பெருமையாகப் பார்க்கும் வீட்டில், ஒரு பெண் ஒரு நாளில் மூன்று மணி நேரம் குளியலறையில் இருப்பது நோயாகத் தெரியவே வருடக்கணக்காகும். கொரோனா அந்த வருடங்களை நீட்டித்தது.

ஊரடங்கில் நிம்மதியடைந்தவர்கள்

சிலருக்கு அந்த மாதங்கள் இதமாகவே இருந்தன. பேருந்துக் கம்பியைப் பிடிக்க வேண்டாம், அலுவலகக் கழிப்பறைக்குப் போக வேண்டாம், கைகொடுக்க வருபவரைத் தவிர்க்கச் சாக்கு தேட வேண்டாம். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டிய தேவையே இல்லாததால் பூட்டைச் சரிபார்க்கும் வேலையும் பலருக்குக் குறைந்தது. நிம்ஹான்ஸ் எண்களில் பெரிய மாற்றம் தெரியாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆனால் தவிர்ப்பது குணமாவது ஆகாது. பயந்ததைச் சந்திக்காமலே இருந்த ஒவ்வொரு மாதமும் பயம் அப்படியே பத்திரமாக இருந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு மேலும், நவம்பரில் சிறு வகுப்புகளுக்கும் பள்ளி திறந்தபோது, பிள்ளைகள் பல மாதம் பழக்கம் விட்டுப்போன கழிப்பறைக்கும் பெஞ்சுக்கும் திரும்ப வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு அலுவலகம். பின்விளைவு என்று பார்த்தால் ஊரடங்கைவிட இந்தத் திறப்புதான் கவனிக்க வேண்டிய கட்டம்.

மருத்துவர்களுக்குள்ளும் அன்று ஒரு கருத்து வேறுபாடு ஓடியது. ஓசிடி நிபுணர்களின் பன்னாட்டுக் குழு ஒன்று 2020இன் தொடக்கத்திலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது: மருந்துக்கு முதலிடம் கொடுங்கள், கிருமி பயத்துக்கான தொட்டுப் பழகும் சிகிச்சையை நிதானமாகச் செய்யுங்கள் அல்லது நிறுத்திவையுங்கள். அமெரிக்கச் சிகிச்சையாளர்கள் சிலர் நிறுத்தத் தேவையில்லை என்றார்கள். சுகாதாரத் துறை சொல்வதை எழுதி வையுங்கள், அதைச் செய்யுங்கள், அதற்கு மேல் ஒரு துளியும் சேர்க்காதீர்கள், அந்தக் கூடுதல் துளியைச் செய்யாமல் இருப்பதே இனி பயிற்சி என்றார்கள். யாருக்கும் எதுவும் தெரியாத அந்த ஏப்ரலில் முதல் தரப்பின் தயக்கம் புரிகிறது. ஆனாலும் இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனமானது என்று நினைக்கிறேன். நகர்ந்துபோன அளவுகோலுக்குப் பதிலாக, தற்காலிகமாகவாவது ஒன்றை நட்டுவைத்தது அது.

மருந்து கிடைப்பதே அப்போது பாடாக இருந்தது. ஓசிடிக்குக் கொடுக்கும் ஃபுளுவாக்ஸமின், செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், நோய் திரும்புதல் எல்லாம் வரலாம். பேருந்தே ஓடாதபோது மாவட்டத் தலைநகருக்குப் போய்ச் சீட்டு வாங்குவது எப்படி? 2020 மார்ச் 25இல் இந்திய அரசு தொலைமருத்துவ விதிகளை வெளியிட்டது பலருக்குக் கைகொடுத்தது. வீடியோவில் சிகிச்சை செய்வதில் எதிர்பாராத நன்மையும் இருந்தது. மருத்துவமனை மேசையில் வைத்துப் பழக்குவதற்குப் பதிலாக, நோயாளியின் சொந்தச் சிங்கையும் சொந்தக் கதவையும் சிகிச்சையாளர் நேராகப் பார்க்க முடிந்தது.

நிறுத்தச் சொல்ல யாரும் வரவில்லை

அரசுகளின் மேல் எனக்குள்ள குறை இங்கேதான். பொருள்களைத் தொடுவதால் பரவும் ஆபத்து மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று நுண்ணுயிரியலாளர் இமானுவேல் கோல்ட்மன் 2020இலேயே லான்செட் குழும இதழில் எழுதினார். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி பட்ட பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது. காற்றில் பரவுவதுதான் முக்கியம் என்று தெளிவானது. கழுவச் சொன்னபோது இருமலோடு எல்லார் போனிலும் ஒலித்த அறிவிப்பு, ‘பால் பாக்கெட்டைக் கழுவ வேண்டியதில்லை’ என்று சொல்ல ஒலிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5இல் அவசரநிலையை முடித்துக்கொண்டபோதும் அது ஒரு நாள் செய்தி.

மற்றவர்களுக்கு அந்த அறிவிப்பு தேவைப்படவில்லை. அலுத்துப்போய்த் தாங்களாகவே விட்டுவிட்டார்கள். ஓசிடி உள்ளவர் அப்படி அலுத்துப்போய் விட முடியாது. அந்த அலுப்பு வேலை செய்யாததுதான் அவர் நோயே. பத்தாயிரத்தில் ஒன்று என்றால் மற்றவர்கள் அந்தப் பத்தாயிரத்தைப் பார்ப்பார்கள், இவர் அந்த ஒன்றைப் பார்ப்பார். ஆனாலும் வெளியிலிருந்து தெளிவாக ஒரு ‘நிறுத்தலாம்’ வந்திருந்தால், வீட்டாரும் சிகிச்சையாளரும் சுட்டிக்காட்டிப் பேச ஒரு பிடி இருந்திருக்கும்.

இப்போது மருத்துவரிடம் போகிறவர்கள், “எல்லாம் கொரோனாவுல ஆரம்பிச்சதுதான் டாக்டர்” என்று சொல்வதுண்டு. சிலருக்கு அது உண்மை. வேறு சிலருக்குத் துருவிக் கேட்டால், பத்தாம் வகுப்பில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதியது, பரீட்சையன்று பேனாவை மூன்று முறை கழுவியது எல்லாம் வெளியே வரும். ஆகவே போகும்போது பழைய கதையையும் சேர்த்துச் சொல்வது நல்லது. மருந்து ஓசிடிக்கு வேலை செய்ய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட அளவும் பெரும்பாலும் அதிகம். இரண்டு வாரத்தில் ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாத வீட்டார் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அரசு மாவட்ட மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டில், ஒரே நாளில் குழாயைப் பூட்டிவிட வேண்டாம். அந்த “தொடல இல்ல?” கேள்விக்கு இன்று பத்து முறை பதில் சொன்னால் நாளை ஏழு முறை என்று, நோயாளியிடம் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொண்டு குறைக்கலாம்.